சுட்டு முடித்த பித்தளை

அமெரிக்காவின் துப்பாக்கி சுடும் திடல்களில் இரண்டு வகையான மனிதர்களைப் பார்க்கலாம். ஒரு வகையினர் சுட்டு முடித்ததும் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மற்றவர்கள் குனிந்து, தரையில் சிதறிய காலிப் பித்தளை உறைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். இவர்கள்தான் வீட்டில் தாங்களே தோட்டா நிரப்பும் ரீலோடிங்காரர்கள். தோட்டா என்பது நான்கு பாகங்களின் தொகுப்பு: பறந்து போகும் குண்டு, எரிந்து தள்ளும் மருந்து, அந்த மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், மூன்றையும் தாங்கும் பித்தளை உறை. சுட்டதும் முதல் மூன்றும் செலவாகிவிடுகின்றன. மிஞ்சுவது உறை மட்டும்தான், பெரும்பாலும் நான்கில் விலை கூடியதும் அதுதான். அதை மீண்டும் பயன்படுத்தினால் செலவு குறையும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் ஈர்ப்பு. ஆனால் பல ஆண்டுகளாக இதில் ஊறியவர்களைப் பிடித்து வைத்திருப்பது காசு அல்ல. வேதியியலும் உலோகவியலும் அளவீட்டியலும் ஒரு மேசையின் மேல் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பதுதான். புதிதாக இதைத் தொடங்குபவர் மருந்தை நிறுக்கக் கற்பதற்கு முன் பித்தளையைப் பார்க்கக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்கம் பழையது. 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் கடைத்தெருவிலிருந்து வெகு தூரத்தில் மாதக்கணக்கில் தங்கினார்கள். ஈயமும் கருமருந்தும் பிரைமரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், சுட்ட உறைகளை இரவில் நெருப்பருகே அமர்ந்து நிரப்பினார்கள். 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் இடுக்கி வடிவத்தில் கையடக்கக் கருவிகளைச் செய்து விற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தட்டுப்பாடு இன்னொரு தூண்டுதல். கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் தன் தந்தையின் சலவைக்கடையின் பின்கட்டில், காலியான .22 உறைகளையே குண்டுகளுக்கு மேற்பூச்சாக அழுத்திச் செய்யும் அச்சுகளைக் கடைந்தார். 1943இல் பிறந்த அந்த முயற்சிதான் இன்று ஆர்.சி.பி.எஸ். என்ற பெயரில் பல ரீலோடிங் மேசைகளிலும் தெரியும் பச்சை நிற அழுத்துக் கருவி, அதாவது பிரஸ். போர் முடிந்ததும் ராணுவத்திடம் எஞ்சிய மருந்து மலிவு விலைக்கு வந்தது. கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் தன் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கி அதை வாங்கிக் குவித்து, சில்லறையாக விற்றார். இந்தப் பொழுதுபோக்கு பெருகியது அந்த மலிவு மருந்தால்.

அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்க வேண்டுமானால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். இந்தியாவில் நிலை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இந்தக் கட்டுரை பேசுவது சட்டம் இடம் தரும் நாடுகளில் நடக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றி. அதன் பின்னால் உள்ள அறிவியலோ எல்லா ஊருக்கும் பொது.

தோட்டாவின் அடிப்புறத்தில் நடுவே ஒரு சிறு வட்டக் கிண்ணம் தெரியும். அதுதான் பிரைமர். தட்டினால் தீப்பிடிக்கும் வேதிப்பொருளைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் போர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். வாத்து வேட்டையில் அவருக்கு ஒரு சங்கடம்: சக்கிமுக்கித் துப்பாக்கியின் தட்டில் தீ பளிச்சிட்டதுமே, குண்டு கிளம்புவதற்குள் பறவைகள் விலகிவிடும். எட்வர்ட் ஹோவர்ட் 1800இல் விவரித்திருந்த பாதரச ஃபல்மினேட் போன்ற உப்புகளைக் கொண்டு அந்த இடைவெளியைக் குறைத்து 1807இல் காப்புரிமை பெற்றார். பிறகு வந்த தலைமுறையில் இரண்டு கர்னல்கள் இன்றைய வடிவத்தைத் தந்தார்கள். பிரிட்டனின் எட்வர்ட் பாக்சர் அமைத்த பிரைமரில், தட்டும்போது வேதிப்பொருளை நசுக்கத் தேவையான பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கும். உறையில் தீ போக நட்ட நடுவில் ஒரே துளை. அமெரிக்காவின் ஹைரம் பெர்டன் அமைத்ததில் பட்டடை உறையின் பகுதி. துளைகள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. இரண்டும் 1860களில் வந்தவை. பிரிட்டிஷ்காரரின் அமைப்பை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, அமெரிக்கரின் அமைப்பு ஐரோப்பாவில் பரவியது.

இது வெறும் வரலாற்று வேடிக்கை என்று கடந்துவிட முடியாது. பாக்சர் உறையில் துளை நடுவில் இருப்பதால், மேலிருந்து ஒரு ஊசியை இறக்கினால் எரிந்த பிரைமர் கீழே விழுந்துவிடும். ஒரு நொடி வேலை. பெர்டன் உறையில் ஊசி பட்டடைமேல் மோதி நிற்கும். பிரைமரை நோண்டித்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ரீலோடிங் வீட்டுக்கு வீடு பரவியதற்கு இந்த ஒற்றைத் துளைக்கும் பங்கு உண்டு. புதியவர் தரையில் கிடக்கும் உறையை எடுத்ததும் வாய்வழியே உள்ளே பார்க்க வேண்டியது இதைத்தான்: துளை ஒன்றா, இரண்டா?

இனி மருந்து. பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் நனைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கிறது. 1840களில் ஷோன்பைன் இதைக் கண்டபோது உலகமே வியந்தது, ஆனால் துப்பாக்கியில் அது உதவவில்லை. பஞ்சின் இழைகளுக்கிடையே எல்லாம் தீ புகுந்து, தள்ளுவதற்குப் பதில் குழாயைப் பிளந்தது. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேல் அதை ஈதரும் ஆல்கஹாலும் கொண்டு பசைபோல இளக்கி, தகடாக உருட்டி, காயவைத்து, சிறு துண்டுகளாக நறுக்கினார். இழைகள் கரைந்து ஒன்றாகிவிட்டதால் தீ உள்ளே புக வழியில்லை. மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காகத்தான் எரிய முடியும். புகையில்லா மருந்தின் ரகசியம் இவ்வளவுதான். நைட்ரோகிளிசரினும் சேர்த்த கார்டைட் என்ற பிரிட்டிஷ் வகை 1889இல் வந்தது. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் குன்னூரைத் தாண்டியதும் பார்க்கும் அருவங்காடு தொழிற்சாலை அந்தக் கார்டைட்டைச் செய்வதற்காகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. இன்றும் உந்துமருந்து தயாரிக்கிறது.

அடுக்கடுக்காக எரிவதால், எரியும் வேகத்தைத் துகளின் வடிவத்தைக் கொண்டே கட்டுப்படுத்தலாம். பெரிய விறகுக் கட்டை நின்று எரியும், அதையே சுள்ளியாகப் பிளந்தால் குப்பென்று முடிந்துவிடும். மெல்லிய தகட்டுத் துகள் வேகமாக எரிகிறது; அது குட்டையான குழலுள்ள கைத்துப்பாக்கிக்கு. நடுவில் துளையிட்ட நீள உருளைத் துகளில் வெளிப்பரப்பு சுருங்கச் சுருங்கத் துளையின் பரப்பு விரிகிறது, அதனால் வாயு கடைசிவரை சீராக வருகிறது; அது நீண்ட குழலுள்ள ரைஃபிளுக்கு. மேலே எரிதடைப் பூச்சு ஒன்று, மின்னூட்டம் சேராமலிருக்கக் கிராபைட் பூச்சு ஒன்று. கிராபைட் பூசியதால் பெரும்பாலான மருந்துகள் ஒரே கரும்சாம்பல் நிறத்தில்தான் தெரியும். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கைத்துப்பாக்கிக்கான வேக மருந்தை ரைஃபிள் உறையில் நிரப்பினால் துப்பாக்கி வெடித்துச் சிதறக்கூடும். கண்ணால் பார்த்து எது எதுவென்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும், மிஞ்சியது அதே டப்பாவுக்குத் திரும்ப வேண்டும், பெயர் தெரியாத மருந்தை எவ்வளவு இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. இந்த மூன்று பழக்கங்களிலும் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு, புதியவர்கள் மனத்தில் பதிய நாளாகும் ஒன்று. இந்த மருந்து எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. திறந்த வெளியில் ஒரு சிட்டிகையைப் பற்றவைத்தால் சீறிக்கொண்டு எரியும், வெடிக்காது. அதையே மூடிய உறைக்குள் பற்றவைத்தால் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறுவதால் எரிதல் வேகமாகிறது. வேகமாக எரிவதால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. குண்டு முன்னே நகர்ந்து இடம் தருவதுதான் இந்தச் சுழற்சிக்கு உள்ள ஒரே தணிப்பு. எனவே மருந்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் அழுத்தம் பத்து விழுக்காட்டோடு நிற்பதில்லை, அதைத் தாண்டி எகிறுகிறது. குண்டைச் சற்று ஆழமாக அழுத்தி வைத்தாலே உள்ளிடம் குறைந்து கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் அழுத்தம் ஏறிவிடும். எண்களில் சொன்னால், .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் அமைப்பான சாமி வகுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மி.மீ. தோட்டாவுக்கு 35,000. .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு 62,000. வளிமண்டல அழுத்தத்தைப்போல 4,000 மடங்குக்கும் மேல். இவ்வளவும் சுடுபவரின் கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால் நடக்கிறது.

கையேடுகள் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்துக்கும் தொடக்க அளவு ஒன்றும் உச்ச அளவு ஒன்றும் தருவது இதனால்தான். லைமன், ஹார்னடி, சியரா, ஸ்பீர் ஆகியோரின் கையேடுகளை ஒப்பிட்டால் எண்கள் ஒத்துப்போகாது. புதியவர் குழம்புவார். ஆனால் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு சோதனைக் குழலில், வெவ்வேறு தொகுதி மருந்தில், வெவ்வேறு குண்டை வைத்து அளந்தவை, ஒத்துப்போகாததுதான் இயல்பு. உங்கள் குழல் அவை எதிலும் சேராத இன்னொன்று. ஆகவே தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறுகச் சிறுக ஏற வேண்டும். குறைத்தால் பாதுகாப்புதானே என்று தொடக்க அளவுக்குக் கீழே இறங்குவதும் தவறு. சில மெதுவான மருந்துகள் உறையில் பாதி காலியாகக் கிடக்கும்போது எதிர்பாராத அழுத்தத்தைத் தரக்கூடும் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன.

இனி உறை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே. தோட்டா உறைக்கான பித்தளை 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். இந்தக் கலவை வெகுவாக இழுபடும். ஒரு தடித்த வில்லையைப் படிப்படியாக இழுத்தே ஆழமான உறை செய்கிறார்கள். சுடும்போது உறையின் சுவர் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி விலகுகிறது, அதனால்தான் உறையை வெளியே இழுக்க முடிகிறது. இரண்டையும் ஒரே உலோகம் செய்ய வேண்டும். எஃகும் அலுமினியமும் உறைகளாகப் பயன்பட்டாலும், திரும்பத் திரும்ப நிரப்பும் வேலையில் பித்தளையோடு அவை போட்டியிட முடியவில்லை.

ஆனால் பித்தளை தனக்கு நேர்ந்ததை மறப்பதில்லை. ஒவ்வொரு முறை விரிந்து, அச்சில் மீண்டும் சுருக்கப்படும்போதும் அதன் படிகங்களுக்குள் சிதைவுகள் சேர்ந்து உலோகம் விறைக்கிறது. விறைத்த கழுத்து குண்டைச் சீராகப் பிடிக்காது. ஒருநாள் வாயருகே கீறல் விடும். இதற்குப் பரிகாரம்: கழுத்தை மட்டும் சில நொடி சூடாக்கி இளக்குவது. படிகங்கள் புதிதாக உருவாகி, மென்மை திரும்பும். அடிப்பகுதியை மட்டும் சூடு அணுகவே கூடாது. அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்த விறைப்புதான். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலமும் பழுப்புமான கறை இப்படிச் சூடுபட்ட அடையாளம். அதைப் பழைய சரக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு.

பித்தளையின் இந்த நினைவு பற்றிய பெரிய பாடம் இந்தியாவில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை தன் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தது. மழைக்காலம் வந்தால் யாரும் தொடாமலேயே உறைகளில் விரிசல் விழும். பருவத்தோடு வந்ததால் அதைப் பருவ விரிசல் என்றே அழைத்தார்கள். காரணம் தெளிவாக 1921 ஆயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள்: உறையைக் குளிர்நிலையில் இழுத்ததால் உலோகத்துக்குள் தங்கியிருந்த இறுக்கம் ஒரு பக்கம், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்து ஈரக்காற்றில் கலந்த அம்மோனியா மறுபக்கம். தனித்தனியே இரண்டும் இவ்வளவு கேடு செய்வதில்லை. சேர்ந்தால் படிகங்களின் எல்லைவழியே உலோகம் பிளக்கிறது. இழுத்த பிறகு மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வு. இதன் தொடர்ச்சி இன்றைய மேசையிலும் உண்டு: வீட்டுப் பித்தளைப் பாத்திரம் பளபளக்க வாங்கும் அம்மோனியா கலந்த மெருகு எண்ணெயால் உறைகளைத் துடைக்கக் கூடாது. அரைத்த வால்நட் ஓட்டிலோ மக்காச்சோளச் சக்கைத் தூளிலோ போட்டுக் குலுக்கும் இயந்திரமே போதும்.

மேசையில் வேலை நடக்கும் வரிசை கடினமானதல்ல. சுத்தம் செய்த உறைக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, பிரஸ்ஸில் பொருத்திய டை எனும் அச்சுக்குள் ஏற்றினால், விரிந்தது பழைய அளவுக்குச் சுருங்கும்; அதே அழுத்தில் பழைய பிரைமரும் விழும். எண்ணெய் மறந்தால் உறை டைக்குள் சிக்கிக்கொள்ளும். பிறகு நீளம். ஒவ்வொரு சுடுதலிலும் பித்தளை முன்னோக்கி வழிகிறது, கழுத்து நீள்கிறது. .308 உறையின் உச்ச நீளம் 51.18 மி.மீ.; அதைத் தாண்டினால் கழுத்தின் விளிம்பு அறையின் முன்முனையில் இறுகி, குண்டை விடாமல் பிடித்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும். வெர்னியரால் அளந்து, நீண்டிருந்தால் கால் மில்லிமீட்டர் கழித்துச் சீவுகிறார்கள். முன்னோக்கி வழிந்த அந்தப் பித்தளை எங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமே? அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டிருக்கிறது. நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினால், அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்த உறை அடுத்த முறை இரண்டாகப் பிரியும். அறைக்குப் பொருந்தும் அளவைவிட, கழுத்துக்குக் கீழே சரியும் உறையின் தோளை அதிகமாகப் பின்தள்ளுபவர்களிடம் இது விரைவில் நேர்கிறது. உறை எத்தனை முறை தாங்கும் என்று கேட்பவர்களுக்கு ஒற்றை எண் சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம்; டையை எப்படிப் பூட்டினீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

புது பிரைமரை அழுத்தி, மருந்தை நிறுத்து ஊற்றி, குண்டைப் பொருத்தினால் முடிந்தது. நிறுப்பது கிரெய்ன் கணக்கில்: ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். தராசு அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும், நிறுக்குமுன் சோதனை எடைக்கற்களால் சரிபார்த்திருக்க வேண்டும். ஆனால் கொடிய விபத்துகள் தராசின் பிழையால் வருவதைவிட, கவனம் சிதறுவதால் வருபவையே அதிகம் என்பதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடில்லை. .38 ஸ்பெஷல் கருமருந்துக் காலத்து அளவுள்ள உறை. இன்றைய வேக மருந்து அதன் அடியில் கொஞ்சமே கிடக்கும். ஒரே உறையில் இருமுறை ஊற்றினாலும் வழியாது. மருந்தே ஊற்றாமல் விட்டாலோ பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலின் நடுவே தள்ளி நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். நிரப்பிய உறைகளை எல்லாம் பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் கைவிளக்கடித்து மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது, பல ஆயிரம் டாலர் கருவி எதுவும் தராத காப்பு. பேச்சுக்குத் துணையோ தொலைக்காட்சியோ அந்த அறையில் வேண்டாம். மணிக்கு நூற்றுக்கணக்கில் நிரப்பும் சுழல் பிரஸ் புதியவருக்கு ஏற்றதல்ல என்பதும் இதனால்தான். ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் பிரஸ், ஒவ்வொரு உறையையும் பலமுறை கையிலெடுத்துப் பார்க்க வைக்கிறது.

ஈயமும் கவனிக்க வேண்டியது. குண்டில் இருப்பது தெரிந்ததே. பிரைமரில் இன்று பரவலாக உள்ள ஈய ஸ்டிஃப்னேட் எரிந்து உறைக்குள் படியும் தூசு கண்ணுக்குத் தெரியாது. குலுக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறக்கும்போது அதுதான் மூச்சில் ஏறுகிறது. அதற்குக் காப்பு இவைதான்: உறைகளைத் திறந்த வெளியில் பிரிப்பது, வேலை நடுவில் எதையும் தின்னாமல் இருப்பது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது, குழந்தைகளை அந்த அறைக்கே விடாமல் இருப்பது.

இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது என்ன? நீண்ட தூரப் போட்டியில் சுடுபவரிடம் கேட்டால் வேகத்தின் ஒழுங்கு என்பார். 1,000 கஜம் போகும் .308 குண்டு ஒன்றரை நொடிக்கு மேல் காற்றில் இருக்கிறது; அதற்குள் புவியீர்ப்பு அதைப் பல மீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. கிளம்பும் வேகம் ஒரு விழுக்காடு மாறினால் இலக்கில் அது ஒரு சாண் அளவுக்குக் குறையாமல் ஏறி இறங்கும். ஆகவே மருந்தின் எடை, கழுத்தின் பிடி, உறையின் உள்ளளவு எல்லாம் தோட்டாவுக்குத் தோட்டா ஒன்றாக இருக்கப் பாடுபடுகிறார்கள், வேகமானியை வைத்துச் சிதறலைக் கணக்கிடுகிறார்கள். பழைய துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் காரணம் வேறு. கடையில் தோட்டா வருவது நின்றுபோன ஒரு துப்பாக்கியைச் சுட அவருக்கு இதைத் தவிர வழியில்லை. 2020இல் தொடங்கிய தட்டுப்பாட்டில் பிரைமர்களே கிடைக்காமல் போனபோது, செலவு குறையும் என்று நம்பி வந்தவர்கள் ஏமாந்தார்கள். போட்டியாளரும் பழைய துப்பாக்கிக்காரரும் கையிருப்பைச் சிக்கனமாகச் செலவழித்துத் தொடர்ந்தார்கள்.

முதல் தொகுதியைச் சுட்டதும் மீண்டும் உறைகள்தான் பேசுகின்றன. பிரைமரின் உருண்ட விளிம்பு தட்டையாகி இருந்தாலோ, அடித்தட்டில் பளபளப்பான தேய்ப்பு தெரிந்தாலோ, துப்பாக்கி அறையை மூடும் போல்ட்டைத் தூக்கக் கடினமாக இருந்தாலோ அழுத்தம் மிகுந்திருக்கிறது. ஆனால் இந்த அடையாளங்கள் தென்படும்போது வரம்பு ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கலாம்; மென்மையான பிரைமர் குறைந்த அழுத்தத்திலேயே தட்டையாகும், கெட்டியானது கடைசிவரை காட்டாது. எனவே அடையாளம் தெரியவில்லை என்பதற்காகக் கையேட்டின் உச்சத்தைத் தாண்டுவதற்கு உரிமை கிடைத்துவிடாது. தேதி, மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும், எடை, பிரைமர், குண்டு, உறை எத்தனையாவது முறை சுடப்படுகிறது எல்லாம் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டிலும் குறிப்பேட்டிலும் ஏற வேண்டும். கழுத்தில் கீறலோ சுவரில் பள்ளமோ கண்ட உறையின் வாயை அப்போதே குறடால் நசுக்கிவிட வேண்டும், வேறு யாரும் தவறி எடுத்து நிரப்பிவிடாதபடி. நசுங்கியவை வாளி நிறைந்ததும் பழைய பித்தளை வாங்குபவரிடம் எடைக்குப் போகும்.